பழைய ப்ளாட்டை இடிச்சு உசரமா கட்டறது ஊருக்கு நல்லதா, பில்டருக்கு மட்டும் நல்லதா?

மாம்பலம்_தெருமுனை:
எங்க தெரு மேற்கு மாம்பலத்துல, ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம். ரெண்டு பக்கமும் 80கள்ல கட்டின மூணு மாடி ப்ளாட்டுங்கதான். இப்ப வரிசையா பச்சைத் துணி கட்டி இடிச்சிட்டிருக்காங்க, ஒண்ணு முடியறதுக்குள்ள எதிர் வீட்ல ஆரம்பிச்சுடறாங்க. காலைல பிரேக்கர் சத்தம் ஆரம்பிச்சா இருட்டற வரைக்கும் நிக்காது, பால்கனில துணி காயப்போட்டா சிமெண்ட் கலர்லதான் எடுக்கணும். போன வாரம் எங்க பில்டிங்குக்கும் பில்டர் வந்து லட்டு டப்பாவோட பேசிட்டு போயிட்டார். 2 கிரவுண்டு, 8 வீடு. 2022ல போட்ட அபார்ட்மெண்ட் ஓனர்ஷிப் சட்டம் அமலுக்கு வந்தப்புறம் எல்லாரும் கையெழுத்து போடணும்னு கட்டாயம் இல்ல, மூணுல ரெண்டு பங்கு ஓனர் சரின்னுட்டா போதும். அதாவது 8ல 6 பேர். என்னோட "வேணாம்" பைசாவுக்கு பெறாது.

நான் கேக்கறது வீட்டு விஷயம் மட்டும் இல்ல. தெருவுல இருக்கற சாக்கடை லைன் அதே பழைய லைன். மழை வந்தா மேன்ஹோல் பொங்கறது இப்பவே வழக்கம். தெருவுல இருக்கற எல்லா ப்ளாட்டும் இப்படி மூணு மாடிலேருந்து ஸ்டில்ட் (கீழ தூண் மட்டும் நிக்கற பார்க்கிங் தளம்) ப்ளஸ் அஞ்சு ஆச்சுன்னா அந்த லைன் தாங்குமா, தண்ணி எங்கேருந்து வரும், இதை யார் கணக்கு போட்டாங்க? சஸ்டெய்னபிள்னு ப்ரோஷர்ல இலை படம் போட்டா ஆச்சா? உங்க ஊர்ல என்ன நடக்குது சொல்லுங்க.

சிவில்_சித்தப்பு:
ப்ரோ நான் ஸ்ட்ரக்சுரல் லைன்ல இருக்கேன், பில்டர் ஆள் இல்ல, முதல்லயே சொல்லிடறேன் இல்லன்னா அடுத்த கமெண்ட் அதுதான் வரும். 80கள்ல கட்டின ப்ளாட்டுங்க நிறைய பேர் நினைக்கற மாதிரி "அந்தக் காலத்து ஸ்ட்ராங் கட்டடம்" எல்லாம் கிடையாது. கம்பிக்கு மேல கான்கிரீட் கம்மி, மொட்டை மாடி ஒழுகி ஒழுகி ஸ்லாப்ல ஈரம், பாத்ரூம் பைப் போக தாழ்வா போட்ட சங்கன் ஸ்லாப்ல தண்ணி நின்னு அடியில துருப்பிடிச்சு கம்பி ஊதி காரை பெயர்ந்து விழுது. பெசன்ட் நகர் மாதிரி கடல் பக்கம்னா இன்னும் சீக்கிரம். கீழ் வீட்டுக்காரங்க அதுக்கு மேல பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சு ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைச்சுடறாங்க, அப்புறம் ஒருநாள் ஃபேன் ஹூக்கோட கையில வருது.

அது ஒரு பக்கம். ஊருன்னு பாத்தா, நீங்க இருக்கறது எலக்ட்ரிக் ட்ரெயின் ஸ்டேஷன் பக்கம். பீச் தாம்பரம் லைன்ல 1931லயே கரண்ட் ட்ரெயின் விட்டுட்டாங்க, கிட்டத்தட்ட நூறு வருஷமா காசு போட்டு வளத்த இடம். அங்க ஆள் கூடக் குடியிருக்கக் கூடாது, மூணு மாடியோட நிக்கணும்னா புதுசா வர்ற ஜனம் எங்க போகும்? கூடுவாஞ்சேரி தாண்டி ஏரிக்கரையிலதான் போகும். அது மட்டும் சஸ்டெய்னபிளா?

கூடுவாஞ்சேரி_கு:
யோவ் சித்தப்பு, ஏரிக்கரைன்னு எங்களை ஏன் இழுக்கறீங்க 😀 இங்க முக்கால் கிரவுண்டுல சொந்த மனை, ஒரு கிணறு, ரெண்டு தென்னை, ஒரு முருங்கை. மாம்பலத்துல அதே காசுக்கு பாத்ரூம் வரும். உள்ளயே அடைச்சு அடைச்சு கட்டறதுக்கு பதில் வெளிய வரட்டும். பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதான் சிஎம்டிஏ, அதோட எல்லையை 1,189 சதுர கிலோமீட்டர்லேருந்து 5,904 ஆக்கினது 2022ல, எதுக்கு ஆக்கினாங்க? செங்கல்பட்டு, திருமழிசை, மீஞ்சூர்னு புது நகரம் கொண்டு வரோம்னு சொல்றாங்கல்ல. வேலையும் ஒரகடம் பக்கம் வந்தாச்சு. சென்னைன்னா தி.நகர்தான்னு நினைக்கறவங்க இன்னும் 90லயே இருக்காங்க.

ஓஎம்ஆர்_ட்ராஃபிக்ல:
வெளிய வாங்க வாங்கன்னு கூப்பிட்டாங்க, நாங்க வந்தோம். நாவலூர். வந்து பாத்தா குழாய்ல மெட்ரோ வாட்டர் கிடையாது, எங்க காம்ப்ளெக்ஸ் வாழ்றதே டேங்கர்லதான், அந்த டேங்கர் தண்ணி எங்கேருந்து வருதுன்னு ஒருநாள் லாரி டிரைவர் கிட்ட பேச்சு குடுத்தேன், உள்ள கிராமத்துல ஒருத்தர் பயிர் வெக்கறத விட்டுட்டு கிணத்துத் தண்ணி விக்கறாராம், மோட்டார் ராத்திரி பகலா ஓடுதாம். நாங்க இங்க எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) வெச்சு ஃப்ளஷ்ஷுக்கு ரீசைக்கிள் தண்ணி விட்டு க்ரீன் ரேட்டிங் போர்டு மாட்டியிருக்கோம், அதே கேட் வழியாதான் டேங்கர் உள்ள வருது. ஆபீஸ் கிண்டி. மெட்ரோ வேலைக்கு ரோட்டை சுருக்கினதுலேருந்து போறதுக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு கூகுளுக்கே தெரியாது.

கு அண்ணா, புது நகரம்னு பேப்பர்ல சொன்னதுக்கும் அங்க பஸ் வர்றதுக்கும் நடுவுல எத்தனை வருஷம்னு யோசிங்க. கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டை 2023 டிசம்பர் கடைசில திறந்தாங்க, பக்கத்துலயே தண்டவாளம் போகுது, ஸ்டேஷன் இல்லாமலேயே திறந்தாங்க. பொட்டி படுக்கையோட ஜனம் ஊருக்குள்ள போக திண்டாடினது உங்க ஏரியா தானே, நீங்களே பாத்திருப்பீங்க.

எனக்கு மாம்பலத்துல அஞ்சாவது மாடில சின்ன வீடு குடுத்தா நாளைக்கே காரை வித்துட்டு வந்துடுவேன்.

மாம்பலம்_தெருமுனை:
காரை வித்துட்டு வருவீங்க, ஆனா இங்க புதுசா வர்றவங்க யாரும் அப்படி வரலையே. பக்கத்து பில்டிங் முடிஞ்சு குடி வந்தாச்சு, த்ரீ பெட்ரூம், வீட்டுக்கு ரெண்டு கார். கீழ ஸ்டில்ட் முழுக்க பார்க்கிங், மிச்சம் தெருவுல. பழைய பில்டிங்ல ஸ்கூட்டர் நாலு நிக்கும், ஒரு வேப்ப மரம், ஒரு துளசி மாடம், பின்னாடி அடிபம்பு. அந்த வேப்ப மரத்தை வெட்ட மாவட்ட பசுமைக் குழு கிட்ட பர்மிஷன் வாங்கணும்னு நாலு பேர் சொன்னோம், ஞாயித்துக்கிழமை காலைல எழுந்து பாத்தா மரம் இல்ல. இப்ப சுவத்துலேருந்து சுவர் வரைக்கும் பேவர் ப்ளாக். ஒரு சொட்டு உள்ள இறங்காது.

ஸ்டேஷன் பக்கத்துல இருக்கறதால உசரமா கட்டலாம்னு சொல்றீங்க, அப்ப ஸ்டேஷன் பக்கத்துல இருக்கறதால கார் பார்க்கிங் கம்மி பண்ணுன்னு ஏன் ரூல் சொல்லல? அங்கதான் எனக்கு இடிக்குது.

சிவில்_சித்தப்பு:
பார்க்கிங் விஷயத்துல உங்க பக்கம்தான் நான். ட்ரெயின் ஓரம் இருக்கற கட்டடத்துக்கு பார்க்கிங்கை கட்டாயம்னு வெக்கறதுக்கு பதில் இவ்ளோக்கு மேல கூடாதுன்னு வெச்சா பாதி பிரச்சனை தீரும். ஆனா பில்டர் சொல்றது என்னன்னா ரெண்டு பார்க்கிங் இல்லாம த்ரீ பெட்ரூம் விக்காது. அவன் சொல்றதும் நிஜம்தான், சைட் விசிட் வர்றவங்க முதல்ல கேக்கறது அது.

பேவர் ப்ளாக் போட்டு மூடறது தப்புதான், மழைநீர் சேகரிப்பு 2003லேருந்து கட்டாயம். இன்ஸ்பெக்‌ஷன் வர்ற அன்னிக்கு சம்ப் பக்கத்துல ஒரு மூடி இருக்கும், மேல ஆர்டபிள்யூஎச்னு பெயிண்ட்ல எழுதியிருக்கும். திறந்து பாத்தா கூழாங்கல்லுக்கு பதில் கட்டட இடிபாடும் சிமெண்ட் மூட்டையும் கிடக்கும். நான் பாத்ததுல பாதிக்கு மேல அப்படித்தான். அதுக்கு மாடி காரணம் இல்ல, மூணு மாடி கட்டினாலும் அப்படித்தான் ஏமாத்துவான்.

இன்னொண்ணு. 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கினப்ப ஜாபர்கான்பேட்டை, அசோக் நகர், மேற்கு மாம்பலம் எல்லாம் கிரவுண்ட் ஃப்ளோர் வீடுதான் போச்சு. ஃப்ரிட்ஜ் மிதந்ததுன்னு சொல்லாத ஆள் இல்ல. ஸ்டில்ட் வெச்சு கட்டினா கார்தான் போகும், குடும்பம் மேல பத்திரமா இருக்கும்.

மாம்பலம்_தெருமுனை:
குடும்பம் பத்திரம், சரி. யாரோட குடும்பம்? புது பில்டிங்காரன் ரோட்டு மட்டத்துலேருந்து ரெண்டு அடி தூக்கி சரிவு போட்டு கட்டறான். அவன் இடத்துல நின்னிருக்க வேண்டிய தண்ணி இப்ப எங்க காம்பவுண்டுக்கு வருது. தெருல கடைசியா யார் இடிக்காம இருக்கானோ அவன் வீட்லதான் மொத்த தெரு தண்ணியும். இதனாலயே ரெண்டு பில்டிங்காரங்க வேற வழியில்லாம கையெழுத்து போட்டாங்க. இதுக்கு பேர் விருப்பமா?

ராஜி_பாட்டி_அசோக்நகர்:
தம்பி, நீ சொல்றதெல்லாம் படிச்சேன். நான் மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எங்காத்து மாமாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி கீழ இறங்கறதே ஆஸ்பத்திரிக்கு மட்டும்னு ஆயிடுத்து. காய்காரன் வந்தா கயித்துல கூடை விட்டு எடுத்துக்கறேன், அவனும் பழகிப்போய் வெண்டைக்காய் முத்தலா போட்டு அனுப்பறான், மேலேருந்து ஒடிச்சா பாக்க முடியும்? பசங்க ரெண்டும் அமெரிக்கால. லிஃப்ட் போடலாம்னு அஞ்சு வருஷமா பேசினோம், கீழ்வீட்டுக்காரர் "எனக்கெதுக்கு லிஃப்ட்"னு காசு குடுக்க மாட்டேன்னுட்டார். இப்ப இடிச்சு கட்டித் தரேங்கறான், லிஃப்ட், ஜெனரேட்டர், நடுவுல இருக்கற வாடகையும் அவனே குடுக்கறான். நான் ஏன் வேணாங்கணும்? துளசி மாடம் வேணும்னா தொட்டில வெச்சுக்கறேன்.

ஊரு, சாக்கடை எல்லாம் கார்ப்பரேஷன் பாத்துக்கணும். அவா பாக்கலங்கறதுக்காக நாங்க மாடியிலயே கிடக்கணுமா?

வாடகைக்கு_இருப்பவன்:
பாட்டி கோவிச்சுக்காதீங்க, உங்க பில்டர் ஓனருக்கு வாடகை குடுப்பார். எனக்கு யார் குடுப்பா? நான் கோடம்பாக்கத்துல இதே மாதிரி பழைய ப்ளாட்ல வாடகைக்கு இருக்கேன், ஓனர் பெங்களூர்ல. மீட்டிங் நடந்ததே எனக்கு வாட்ச்மேன் சொல்லித்தான் தெரியும். ரெண்டு மாசத்துல காலி பண்ணுங்கன்னு மெசேஜ். பொண்ணு பத்தாவது. பக்கத்துல அதே வாடகைக்கு வீடே இல்ல, ஏன்னா அதே வாடகைக்கு இருந்த வீடெல்லாம்தான் இடிச்சாச்சே. ஏஜெண்ட் குன்றத்தூர், மாங்காடுன்னு கூட்டிட்டுப் போறார்.

சென்னைக்குள்ள கம்மி வாடகைன்னா அது இந்த லிஃப்ட் இல்லாத காரை பெயர்ந்த மூணு மாடி ப்ளாட்டுங்கதான். சித்தப்பு "உள்ள இன்னும் நிறைய பேர் இருக்கலாம்"னு சொல்றார். வீடு கூடுது, ஒத்துக்கறேன். அதுல யார் இருக்காங்க?

ஓஎம்ஆர்_ட்ராஃபிக்ல:
பாவம்தான் ப்ரோ, ஆனா வீடு எண்ணிக்கை கூடாம வாடகை எப்படி குறையும்? கட்டாம விட்டா இருக்கற கொஞ்ச வீட்டுக்கு இன்னும் போட்டிதான். மூணு மாடிய அப்படியே மியூசியமா வெச்சாலும் உங்க ஓனர் வாடகைய ஏத்தத்தான் போறார்.

வாடகைக்கு_இருப்பவன்:
எண்ணிக்கை கூடட்டும். 8 டூ பெட்ரூம் இருந்த இடத்துல 8 பெரிய த்ரீ பெட்ரூம் கட்டறதும் நடக்குது, எங்க பில்டிங் டீல் அதுதான். ஓனர்ஸ் எல்லாருக்கும் பெரிய வீடு, பில்டருக்கு மேல ரெண்டே ப்ளாட். ஜனத்தொகை அப்படியேதான், ஏசி மட்டும் ரெட்டிப்பு.

சிவில்_சித்தப்பு:
கணக்கு போட்டுப் பாத்துடுவோம், சும்மா பேசிட்டே இருந்தா ஆகாது. தெருமுனை சொன்ன 2 கிரவுண்டுன்னா 4,800 சதுரடி. பழைய எஃப்எஸ்ஐ (மனை பரப்பு போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கறது) 1.5, அதாவது 7,200 சதுரடி கட்டலாம், 8 வீடுன்னா ஆளுக்கு 900. இப்ப எஃப்எஸ்ஐ 2, அதுக்கு மேல காசு கட்டினா ரோடு அகலத்தைப் பொறுத்து ப்ரீமியம் எஃப்எஸ்ஐ. உங்க ரோடு 30 அடி இருந்தா 30 சதவீதம் கூட, ஆக 2.6. மொத்தம் 12,480. ஓனர்ஸ் பழைய 900ஏ போதும்னா 7,200 போக பில்டர் கையில 5,280, கிட்டத்தட்ட 6 வீடு. ஆக 8 குடும்பம் இருந்த இடத்துல 14. ஓனர்ஸ் எல்லாரும் 1,200 கேட்டா 9,600 அதுலயே போயிடும், பில்டருக்கு மிச்சம் 2,880, ரெண்டு வீடு. கோடம்பாக்கம் டீல் இந்த ரகம்.

அந்தந்த அசோசியேஷன் மீட்டிங்ல "எனக்கு எவ்ளோ சதுரடி"ன்னு கேக்கற இடத்துலதான் ஊரு வளருதா வீங்குதாங்கறது முடிவாகுது, சிஎம்டிஏல இல்ல.

இன்னொரு விஷயம் தெருமுனை, யூடிஎஸ், அதாவது பிரிக்காத மனைல உங்க பங்கு, அதைப் பாத்துக்கோங்க. இப்ப உங்க பங்கு மண்ணு 600 சதுரடி. 12,480 கட்டினப்புறம் 900 சதுரடி வீட்டுக்கு உங்க பங்கு 346. இதை பில்டர் ப்ரசென்டேஷன்ல கடைசி ஸ்லைடுல கூட காட்ட மாட்டார்.

பெரும்பாக்கம்_எட்டாவது_மாடி:
ரெண்டு நாளா படிச்சிட்டிருக்கேன், கேக்கணும்னு தோணுச்சு. நாங்க கூவம் ஓரம் இருந்தவங்க. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் லாரில சாமான ஏத்தி பெரும்பாக்கம் கொண்டாந்து விட்டாங்க. அன்னிக்கு அதிகாரிங்க சொன்னது ஒரே வார்த்தை, சிட்டிக்குள்ள இடம் இல்ல. இப்ப இந்த கணக்கெல்லாம் பாத்தா 2 கிரவுண்டுல 14 வீடு வருதுங்கறீங்க. இடம் இல்லன்னா அந்த 14 எங்கேருந்து வந்துச்சு?

எங்க அம்மா நுங்கம்பாக்கத்துல நாலு வீட்ல வேலை செஞ்சாங்க, நடந்தே போவாங்க. இங்க வந்தப்புறம் பஸ்ல ரெண்டு மணி நேரம் போக ரெண்டு மணி நேரம் வர, ரெண்டு வீட்டை விட்டுட்டாங்க. லேடீஸுக்கு பஸ் ஃப்ரீ ஆனதுலேருந்து காசு மிச்சம், நேரம் மிச்சம் இல்ல. கண்ணகி நகர் 2000த்துல ஆரம்பிச்சாங்க, அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் இங்க 20 ஆயிரம் வீடு கிட்ட, எல்லாம் ஒரே பக்கம், ஒரே மாதிரி ஆளுங்க. லிஃப்ட் நின்னுச்சுன்னா எட்டு மாடி தண்ணிக் குடத்தோட. வெள்ளத்துலேருந்து காப்பாத்தறோம்னு கூட்டிட்டு வந்தாங்க, 2023 மிக்ஜாம் புயல்ல இங்க நாங்க எத்தனை நாள் தண்ணில நின்னோம்னு கேட்டுப் பாருங்க. பள்ளிக்கரணை சதுப்பு பக்கத்துல கொண்டாந்து வெச்சா வேற என்ன ஆகும்.

பாட்டிக்கு லிஃப்ட் வேணும், நியாயம். வாடகைக்காரர் கேக்கறதும் நியாயம். ஆனா உள்ள ஏத்தற மாடில எங்கள மாதிரி ஆளுக்கு ஒரு மாடி கூட இல்லையே, அதை யாரும் இங்க பேசல.

கூடுவாஞ்சேரி_கு:
சகோ நீங்க சொல்றது மனசு கஷ்டமா இருக்கு. ஆனா பாருங்க, உங்க பிரச்சனை வெளிய வந்தது இல்ல, வேலை உங்க கூட வெளிய வரல. வேலை, ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாம் கூடவே வந்திருந்தா?

பெரும்பாக்கம்_எட்டாவது_மாடி:
வந்திருந்தா நல்லாதான் இருந்திருக்கும் சார். வரல.

நொச்சிக்காற்று:
இது புதுசா கண்டுபிடிக்க வேண்டிய விஷயமே இல்லங்க. குடிசை மாற்று வாரியம் 1970ல ஆரம்பிச்சப்ப ஜனம் இருந்த இடத்துலயேதான் மாடி வீடு கட்டினாங்க, சென்னைக்குள்ள எங்க பாத்தாலும் அந்த ஹவுசிங் போர்டு இருக்கே, அதெல்லாம் அப்படி வந்தது. நொச்சிக்குப்பத்துல பழசு இத்துப் போனதும் இடிச்சு அதே இடத்துல திரும்ப கட்டிக் குடுத்தாங்க, கடல் பக்கத்துலயே. மீன்காரனை பெரும்பாக்கத்துல வெச்சா அவன் வலைய எங்க போடுவான்? 2021ல வாரியத்தோட பேரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு மாத்தினாங்க. பழைய திட்டப்பகுதிங்களை இடிச்சு அதே இடத்துல கட்டற வேலை இப்பவும் நடக்குது, அதுலயும் கட்டி முடிக்கற வரைக்கும் வெளிய போய் வாடகைக்கு இருன்னு விடறாங்க, அந்த ரெண்டு மூணு வருஷம் நீளுதுன்னா தொகை பத்தாம குடும்பமே சிதறிடுது. ஆனாலும் திரும்பி வர இடம் இருக்கு.

சிவில்_சித்தப்பு:
பெரும்பாக்கம் சகோ கேட்டது சரியான கேள்வி. சட்டத்துல கொஞ்சம் இருக்கு, 10,000 சதுர மீட்டருக்கு மேல சைட்னா ஏழைங்களுக்கு 10 சதவீதம் ஒதுக்கணும். ஆனா மாம்பலத்துல எவன் கிட்ட 10,000 சதுர மீட்டர் இருக்கு? ரெண்டு கிரவுண்டு மூணு கிரவுண்டா நூத்துக்கணக்குல இடிபடுது, ஒவ்வொண்ணும் சின்னதா இருக்கறதால எதுவும் பிடிபடறதில்ல. மொத்தமா கூட்டினா ஒரு புது டவுன்ஷிப் அளவு வரும்.

ப்ரீமியம் எஃப்எஸ்ஐக்கு பில்டர் கைட்லைன் வேல்யூ (அரசாங்கம் வெச்ச நில மதிப்பு) பாத்து கட்டற காசு இருக்கே, அதை அந்த தெரு சாக்கடைக்கும் தண்ணி லைனுக்கும் முதல்ல, மிச்சத்தை பக்கத்துலயே சின்ன வாடகை வீட்டுக்கும்னு கட்டிப் போட்டா தெருமுனைக்கும் பதில் கிடைச்சுடும். இப்ப அது அரசாங்கக் கணக்குக்கு போகுது, எந்த தெருவுல வாங்கினது எந்த தெருவுல செலவாச்சுன்னு வெளிய இருக்கற நமக்கு தெரியாது.

மாம்பலம்_தெருமுனை:
இதைத்தான் முதல் போஸ்ட்லேருந்து கேக்கறேன். மாடி முதல்ல, பைப் அப்புறம். எல்லா வாட்டியும் அதுதான் வரிசை.

தண்ணிய பத்தி யாரும் பதில் சொல்லல. 2019 கோடைல பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு ஜோலார்பேட்டைலேருந்து ட்ரெயின்ல தண்ணி வந்துச்சு. அன்னிக்கு எங்க பில்டிங்கை காப்பாத்தினது எங்க பின்பக்க கிணறு. பக்கத்து சைட்ல பேஸ்மெண்ட் தோண்டறப்ப ராத்திரி பகலா மோட்டார் போட்டு நிலத்தடித் தண்ணிய மழைநீர் வடிகால்ல விட்டாங்க, வாரக்கணக்குல. எங்க கிணத்துல மட்டம் இறங்கினது கண்ணால பாத்தோம்.

ஓஎம்ஆர்_ட்ராஃபிக்ல:
தண்ணிக்கு இப்ப கடல்நீர் ப்ளான்ட் இருக்கே. மீஞ்சூர் 2010ல 100 எம்எல்டி (ஒரு எம்எல்டின்னா நாளைக்கு பத்து லட்சம் லிட்டர்), நெம்மேலி 2013ல இன்னொரு 100, 2024ல நெம்மேலிலயே 150 கூட. பேரூர்ல 400க்கு வேலை நடக்குது. ஆளுக்கு 135 லிட்டர்னு வெச்சா உங்க 6 புது குடும்பம் எல்லாம் அதுல ஒரு சொட்டு.

மாம்பலம்_தெருமுனை:
கடல் தண்ணிய கரண்ட் செலவு பண்ணி நல்ல தண்ணி ஆக்கி, அதை ஃப்ளஷ் பண்ணி கூவத்துல விடறதுக்கு பேர் சஸ்டெய்னபிளா? கொடுங்கையூர்லயும் கோயம்பேட்லயும் சாக்கடைத் தண்ணிய ஆர்ஓ வரைக்கும் சுத்தம் பண்ணி மணலி, ஒரகடம் பக்கம் ஃபேக்டரிங்களுக்கு அனுப்பறாங்க, 45, 45 எம்எல்டி. அது நல்ல வேலை, அதைச் சொல்லுங்க ஒத்துக்கறேன். அந்த மாதிரி பத்து வந்தப்புறம் மாடி ஏத்துங்க.

கூடுவாஞ்சேரி_கு:
பத்து வர்ற வரைக்கும் ஜனம் கல்யாணம் பண்ணாம இருக்கணும் போல 😀

ஆனா சித்தப்பு, முதல்ல எங்களை ஏரிக்கரைன்னீங்க, தி.நகரே 1920கள்ல மாம்பலம் ஏரியைத் தூர்த்து போட்ட லே அவுட். வள்ளுவர் கோட்டம் நிக்கறது நுங்கம்பாக்கம் ஏரி. ஏரியை முதல்ல முழுங்கினது யாரு? கார்ப்பரேஷன் 174லேருந்து 426 சதுர கிலோமீட்டர் ஆனது 2011ல, நாங்க அப்புறம் வந்தவங்க.

சிவில்_சித்தப்பு:
அதனாலதான் சொல்றேன், ஏற்கனவே முழுங்கினது போதும். தூர்த்த இடத்துல ஆறு மாடியா இருங்க, தூர்க்காத இடத்தை விடுங்க. பள்ளிக்கரணைக்கு 2022ல ராம்சர் அந்தஸ்து, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள சதுப்புங்கற அந்தஸ்து வந்துச்சு, 1,248 ஹெக்டேர். அப்பவும் சுத்தி கட்டடம் வந்துட்டே இருந்து, 2025ல பசுமை தீர்ப்பாயம் எல்லைய சரியா வரையறுக்கற வரைக்கும் 1 கிலோமீட்டருக்குள்ள அனுமதி குடுக்காதீங்கன்னு சொல்ற அளவுக்கு போச்சு. மாம்பலத்துல ஒரு மாடி வேணாம்னு தடுத்தா அந்த மாடி காணாமப் போறதில்ல, சதுப்புக்கு பக்கத்துல முளைக்குது.

இடிக்கறதே பெரிய பாவம்னு ஒரு வாதம் இருக்கு, யாரும் இங்க சொல்லல, நானே சொல்லிடறேன். நல்லா இருக்கற ஸ்லாபை இடிச்சு திரும்ப சிமெண்ட், கம்பி ஊத்தறது பூமிக்கு நல்லதில்லதான். இடிபாட்டை பெருங்குடி, கொடுங்கையூர் ரீசைக்கிள் ப்ளான்டுக்கு கொண்டு போகணும், பாதி லாரி ராத்திரில ஏதாவது ஏரிக்கரைல கொட்டிட்டு போயிடுது. அதனால தெருமுனை, ஓட்டெடுப்புக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க. கான்கிரீட் பலம் பாக்க ரீபௌண்ட் ஹேமர், கோர் (கான்கிரீட்ல துளை போட்டு எடுக்கற துண்டு) எடுத்து பாக்கறது, கம்பி துரு எவ்ளோன்னு ஹாஃப் செல். பில்டர் கூட்டிட்டு வர்ற ஆள் வேணாம், அவர் "அபாயகரம்"னுதான் எழுதுவார். கட்டடம் நல்லா இருந்தா வாட்டர் ப்ரூஃபிங், தூணைச் சுத்தி பலப்படுத்தற ஜாக்கெட்டிங், வெளிப்பக்கம் ஒரு லிஃப்ட், அதோட இன்னும் இருபது வருஷம் ஓட்டலாம். ராஜி பாட்டிக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

ராஜி_பாட்டி_அசோக்நகர்:
வெளிப்பக்கம் லிஃப்டுக்கு கீழ்வீட்டுக்காரர் ஜன்னல் மறையும்னு கேஸ் போடுவார். எங்க பில்டிங்ல ஏற்கனவே கையெழுத்து ஆயிடுத்து. நீ உன் தம்பிகளுக்குச் சொல்லு.

வாடகைக்கு_இருப்பவன்:
பாட்டி பில்டிங்ல வாடகைக்கு யாராவது இருக்காங்களா? அவங்களுக்கு எத்தனை மாசம் டைம் குடுத்தீங்க?

ராஜி_பாட்டி_அசோக்நகர்:
ரெண்டு பேர் இருக்கா. ஒரு டீச்சர், ஒரு பேங்க் பையன். ஸ்கூல் வருஷம் முடியற வரைக்கும் இருக்கட்டும்னு நான்தான் மீட்டிங்ல சொன்னேன், பில்டர் முகத்தைச் சுளிச்சார், ஆனா ஒத்துண்டார். கேட்டா குடுக்கறா. உங்க ஓனர் பெங்களூர்ல உக்காந்துண்டு கேக்கல, அவ்ளோதான்.

மாம்பலம்_தெருமுனை:
எங்க மீட்டிங்ல நான் கேக்கப்போறது எழுதி வெச்சுட்டேன். வெளி ஆள் டெஸ்ட் ரிப்போர்ட் வராம ஓட்டெடுப்பு கிடையாது. கிணத்தை மூடக்கூடாது, பேஸ்மெண்ட் வேணாம், ஸ்டில்ட் போதும். யாரும் 900க்கு மேல கேக்கக்கூடாது (இதுக்கு என்னை அடிக்க வருவாங்க). வாடகைக்கு இருக்கற மூணு குடும்பத்துக்கும் ஓனர் மாதிரியே ஷிஃப்டிங் காசு. இதுக்கு பில்டர் ஓடிட்டார்னா நல்லதாப் போச்சு, ஓடலன்னா அப்புறம் யோசிக்கறேன். இன்னிக்கு தேதிக்கு என் ஓட்டு வேணாம்தான்.

பெரும்பாக்கம்_எட்டாவது_மாடி:
900க்கு மேல வேணாம்னு எட்டு ஓனரும் ஒத்துக்கிட்டா மேல ஆறு வீடு வருதுன்னாரே. அதுல ஒண்ணாவது சின்னதா 400 சதுரடில கட்டச் சொல்வீங்களா? அந்த தெருவுல வேலைக்கு வர்றவங்க, வாட்ச்மேன், அவங்க எங்க இருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேர் எங்க பஸ்லதான் வராங்க.

சிவில்_சித்தப்பு:
400 சதுரடின்னா விக்கறதுக்கு கஷ்டம்னு பில்டர் சொல்வார். விக்க வேணாம், அசோசியேஷன் பேர்ல வெச்சு வாடகைக்கு விடுங்க, அந்த வாடகை மெயின்டெனன்ஸுக்கு ஆகும். எந்த ஓனரும் ஒத்துக்குவாங்களான்னு தெரியல, ஆனா கணக்கு உதைக்காது.

ஓஎம்ஆர்_ட்ராஃபிக்ல:
மிச்சம் அஞ்சுல ஒண்ணுக்கு நான் ரெடி. கார் பார்க்கிங் வேணவே வேணாம், எழுதிக்கூட குடுக்கறேன். தெரு பேரை இன்பாக்ஸ்ல அனுப்புங்க.

மாம்பலம்_தெருமுனை:
அனுப்பறேன். பில்டர் ஆபீஸ்ல சதுரடி என்ன விலைன்னு கேட்டுட்டு வந்து இங்கயே எல்லாருக்கும் தெரியற மாதிரி போடுங்க, பெரும்பாக்கம்காரரும் பாக்கட்டும்.